பி.ஏ.வா, பி.பி.ஏ.வா? புதுச்சேரியில் ஒரு பழைய கேள்வியும் அதன் பதில்களும்

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் புதுச்சேரி வீடுகளில் பேச்சு பெரும்பாலும் மருத்துவத்திலும் பொறியியலிலும்தான் தொடங்கும். அவை கைகூடாதவர்களும் அவற்றை விரும்பாதவர்களும் புதுச்சேரியின் மையச் சேர்க்கைக் குழுவான சென்டாக்கின் விண்ணப்பத்தில் உள்ள கலை, அறிவியல், வணிகவியல் பட்டியலுக்கு வந்து சேர்வார்கள். வரலாறு, பொருளியல், தமிழ், ஆங்கிலம் போன்ற ஒன்றைப் படிப்பதா, பி.பி.ஏ., பி.காம். பக்கம் போவதா என்ற கேள்வி அங்கே எழுகிறது. பெற்றோருக்கு இது வேலை பற்றிய கேள்வி. கல்வியாளர்களுக்கு, பட்டப்படிப்பு எதற்காக இருக்கிறது என்ற கேள்வி. இந்த இரண்டும் இருநூறு ஆண்டுகளாகப் பின்னிக்கிடக்கின்றன.

இந்த ஊருக்கு இது சிறிய கேள்வி அல்ல. ஒன்றிய அரசின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரியின் மொத்தச் சேர்க்கை விகிதம் 61.5, நாட்டின் சராசரி 28.4. வெளியூர் மாணவர்களும் சேர்ந்த எண் இது என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் கல்லூரிக்குப் போவது இங்கே பெருவாரியான குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது என்பது தெளிவு. அதே கணக்கெடுப்பில், நாடு முழுவதும் இளநிலைப் படிப்பில் சேர்ந்தவர்களில் 34.2 விழுக்காட்டினர் கலைப் பாடங்களிலும் 13.3 விழுக்காட்டினர் வணிகவியலிலும் இருந்தார்கள். மறுபுறம், 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வேலையின்மை 3.2 விழுக்காடு; பட்டதாரிகளிடையே அது 13.4. பட்டம் வாங்குவது பரவலாகிவிட்ட நிலையில், எந்தப் பட்டம் என்பதில் கவலை குவிகிறது.

உத்தியோகத்துக்கான கல்வி

புதுச்சேரியில் நவீன உயர்கல்வி தொடங்கியபோது இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. மருத்துவப் பள்ளி 1823இல் வந்தது. இன்று லிசே பிரான்சே என்று அறியப்படும் பள்ளியின் தொடக்கம் 1826. சட்டப் பள்ளி 1838இல் வந்தது. இவற்றோடு கலவைக் கல்லூரி போன்ற நிறுவனங்களும் சேர்ந்து பிரெஞ்சு நிர்வாகத்துக்கு வேண்டிய எழுத்தர்களையும் ஆசிரியர்களையும் வழக்கறிஞர்களையும் உருவாக்கின. பிரெஞ்சு கற்றவர்களில் பலர் இந்தோசீனாவில், குறிப்பாக சைகோனில், அரசு உத்தியோகம் பார்த்தார்கள். படிப்பு என்றால் சர்க்கார் நாற்காலி என்ற எண்ணம் இங்கே வேரூன்றியது அப்படித்தான். எல்லைக்கு அப்பால் 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகமும் வேறு மொழியில் அதே வேலையைத்தான் செய்தது.

1954 நவம்பரில் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பிறகு காட்சி மாறியது. 1961இல் தாகூர் கலைக் கல்லூரியும் 1968இல் பெண்களுக்கான பாரதிதாசன் கல்லூரியும் தொடங்கப்பட்டன. 1985இல் புதுவைப் பல்கலைக்கழகம் அமையும்வரை இவை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்ததால் அதன் பாடக் கட்டமைப்பும் கூடவே வந்தது. ஒரு முதன்மைப் பாடம், இரண்டு மொழிகள், ஓரிரு துணைப்பாடங்கள் என்பது அந்த அமைப்பு. வரலாறு எடுத்தவர் மூன்றாண்டில் கணிதத்தைத் தொட வேண்டியதில்லை. வணிகவியல் எடுத்தவர் அரசியல் சிந்தனையைத் தொட வேண்டியதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்ற வாதங்களைப் படிக்க வேண்டும். மேலை நாட்டு விவாதத்தில் ஒரு பக்கம் நிற்பது பல துறைகளைத் தழுவிய பரந்த கல்வி. நம் பி.ஏ. அப்படிப்பட்டதாக இருந்ததில்லை. 1948-49இல் ராதாகிருஷ்ணன் ஆணையம் எல்லா மாணவர்களுக்கும் பொதுக்கல்வி வேண்டும் என்று பரிந்துரைத்தது. இணைவுக் கல்லூரிகளில் அது நிலைபெறவில்லை.

மனத்தைப் பண்படுத்துதல்

பரந்த கல்விக்கான வாதத்தின் செவ்வியல் வடிவம் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. 1828இல் யேல் கல்லூரி ஆசிரியர்கள் வெளியிட்ட அறிக்கை, கல்லூரியின் வேலை மனத்தைப் பயிற்றுவது, தொழில் நுணுக்கம் பிறகு வரட்டும் என்றது. 1850களில் ஜான் ஹென்றி நியூமன் அறிவை அறிவுக்காகவே தேடும் பல்கலைக்கழகத்தை முன்வைத்தார். 1867இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக உரையில் ஜான் ஸ்டூவர்ட் மில், தொழில் கற்பிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை அல்ல என்றும், பண்பட்ட மனிதர்கள் எந்தத் தொழிலுக்குப் போனாலும் அதை அறிவோடு செய்வார்கள் என்றும் வாதிட்டார்.

இந்த நிலைப்பாட்டை யாரையும்விடக் கடைசிவரை கொண்டுசென்ற நிறுவனம் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. 1943 டிசம்பரில் ஆசிரமத்தின் பள்ளியாகத் தொடங்கி, 1952இல் பல்கலைக்கழக மையமாக விரிந்து, 1959இல் இப்போதைய பெயரைப் பெற்ற ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் பட்டம் வழங்குவதில்லை. தேர்வை மையமாக வைக்காமல் மாணவர் தம் வேகத்தில் முன்னேறும் முறை அங்கே உண்டு. மொழிகள், அறிவியல், கலை, உடற்பயிற்சி எல்லாம் ஒரே கல்வியின் பகுதிகள். சான்றிதழ் இல்லாமலே கல்வி நடக்கும் என்பதற்கு எண்பது ஆண்டுச் சாட்சி அது.

ஆனால் அது யாருக்குக் கைகூடுகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. பட்டம் இல்லாமல் வெளியே வரும் இளைஞருக்குப் பின்னால் ஒரு சமூகமோ வசதியுள்ள குடும்பமோ நிற்க வேண்டியிருக்கிறது. யேலும் நியூமனும் மனத்தில் கொண்டிருந்த மாணவரும் அத்தகையவர்தான். இந்த வாதத்தின் பலவீனம் அதன் இலட்சியத்தில் இல்லை. காத்திருக்கும் காலத்துக்கு யார் சோறு போடுவது என்பதைப் பேசாமல் விட்டதில் இருக்கிறது. இரண்டாவது குறை நடைமுறை சார்ந்தது. விவாதமும் எழுத்தும் நூலகமும் கொண்ட வகுப்பை முன்வைத்துச் சொல்லப்பட்ட நன்மைகளை, குறிப்பு எடுத்து மனப்பாடம் செய்து எழுதும் வகுப்புக்கு அப்படியே பொருத்த முடியாது.

வணிகம்: கடையிலா, கல்லூரியிலா?

எதிர்த்தரப்பில் இரண்டு குரல்கள் உண்டு. அவை ஒன்றையொன்று மறுப்பவை. வணிகத்தைத் தொழிலிடத்தில்தான் கற்க முடியும் என்பது பழைய குரல். தமிழ்நாட்டில் இதற்கு வலுவான மரபு இருக்கிறது. நகரத்தார் நிறுவனங்களில் பெட்டியடிப் பையனாகச் சேரும் சிறுவன் அடுத்தாளாகி, பின் மேலாளாகி, பர்மாவிலும் மலாயாவிலும் கடையைப் பொறுப்பேற்று நடத்தினான். வட்டிக் கணக்கும் ஆளை எடைபோடும் திறனும் அங்கேயே கிடைத்தன.

புதுச்சேரி தரும் சான்று ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). வணிகர், பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸ் காலத்தின் தலைமைத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), புலவர்களை ஆதரித்தவர். 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு தென்னிந்திய வரலாற்றின் முதன்மை ஆவணங்களில் ஒன்று. வணிகமும் எழுத்தும் ஒரே மனிதரில் கூடியதற்கு அவரைக் காட்டுவது இயல்பு. ஆனால் அவர் தந்தை திருவேங்கடப் பிள்ளையும் உறவினர் நைனியப்பிள்ளையும் ஏற்கெனவே பிரெஞ்சுக் கும்பினியின் வணிகத்தில் இருந்தவர்கள். தொழிலிடக் கல்வி தொழில் வைத்திருக்கும் குடும்பத்துக்குள்தான் நன்றாக வேலை செய்யும். வெளியே நிற்பவருக்குக் கதவைத் திறப்பது கல்லூரிதான். இரண்டாவது குரல் வணிகக் கல்வியைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தவர்களுடையது; அவர்களின் ஆக வலுவான நியாயம் இது என்று கருதுகிறேன்.

பாரிஸில் 1819இல் தொடங்கிய வணிகப் பள்ளி உலகின் முதலாவதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பல்கலைக்கழகத்துக்குள் வணிகம் நுழைந்தது 1881இல் பென்சில்வேனியாவின் வார்ட்டன் பள்ளியோடு. அதன் தொடக்ககாலப் பாடத்திட்டத்தில் வரலாறும் அரசியல் பொருளாதாரமும் முக்கிய இடம் பெற்றிருந்தன. இந்தியாவில் 1886இல் பச்சையப்பன் அறக்கட்டளை சென்னையில் தொடங்கிய வணிகப் பள்ளியும் 1913இல் பம்பாயில் உருவான சிடன்ஹாம் கல்லூரியும் தொடக்கப் புள்ளிகள்.

பிறகு நடந்தது கவனிக்கத்தக்கது. 1959இல் அமெரிக்காவில் ஃபோர்டு அறக்கட்டளைக்காக கோர்டனும் ஹவலும், கார்னகி நிறுவனத்துக்காக பியர்சனும் எழுதிய இரண்டு பெரிய அறிக்கைகள், இளநிலை வணிகப் படிப்பு மிகக் குறுகலாகவும் மேலோட்டமாகவும் இருக்கிறது என்று கடுமையாகச் சாடின. கணிதம், சமூக அறிவியல், பொதுக்கல்வி ஆகியவற்றைக் கூட்டச் சொன்னார்கள். அந்தச் சூழலில் 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் பிறந்த இந்திய மேலாண்மைக் கழகங்கள் மேலாண்மையை முதுநிலைப் படிப்பாகவே வைத்துக்கொண்டன. பிளஸ் டூ முடித்தவரை நேரடியாகச் சேர்க்கும் ஐந்தாண்டுப் படிப்பு இந்தூரில் 2011இல்தான் வந்தது. அதாவது, மேலாண்மைக் கல்வியில் நாட்டின் முன்னோடிகள் அரை நூற்றாண்டுக் காலம் இளநிலைப் பட்டம் எந்தத் துறையில் இருந்தாலும் சரி என்றே நடந்துகொண்டார்கள். இன்றும் அந்தக் கழகங்களில் சேர்வதற்கான கேட் தேர்வு எழுத எந்தப் பட்டமும் போதும். பி.பி.ஏ. இல்லாமல் எம்.பி.ஏ. கிடைக்காது என்று நினைக்கும் பெற்றோர் இன்னும் பலர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பி.பி.ஏ.வையும் பி.காமையும் ஒரே கூடையில் போடுவதும் தவறு. பி.காமில் கணக்குப்பதிவியல், வரி, நிறுவனச் சட்டம் என்று கையில் நிற்கும் ஒரு பயிற்சி இருக்கிறது, சி.ஏ., சி.எம்.ஏ. தேர்வுகளுக்கு அது துணை போகிறது. பி.பி.ஏ.வின் உள்ளடக்கம் கல்லூரிக்குக் கல்லூரி வெகுவாக மாறுகிறது. நிறுவனங்களோடு தொடர்பும் நேரடிப் பயிற்சியும் உள்ள இடத்தில் அது பயனுள்ள படிப்பு. அவை இல்லாத இடத்தில் எம்.பி.ஏ. பாடத்தின் சுருக்கமாக மட்டும் நின்றுவிடுகிறது. 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஒப்புதல் தேவை என்றாகியிருப்பது இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கலாம்.

சம்பளக் கணக்கு

கடந்த சில பத்தாண்டுகளில் விவாதம் எண்களுக்கு நகர்ந்திருக்கிறது. அமெரிக்க ஆய்வுகள் பலவும் படிப்பு முடித்த உடனே கிடைக்கும் சம்பளத்தில் வணிகப் பட்டதாரிகள் கலைப் பட்டதாரிகளை முந்துவதைக் காட்டுகின்றன. ஆனால் டேவிட் டெமிங்கும் கதீம் நோரேயும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, கணினி, பொறியியல், வணிகம் போன்ற துறைகளின் தொடக்க முன்னிலை அனுபவம் கூடக் கூட வேகமாகக் குறைவதைக் கண்டது; கற்ற திறன்கள் பழையதாகிவிடுவதைக் காரணமாகச் சொன்னது. கற்றலை நேரடியாக அளக்க முயன்றவர்கள் ரிச்சர்ட் ஆரமும் ஜோசிபா ரோக்ஸாவும். 2011இல் வந்த அவர்களுடைய நூல், பகுத்தாய்தலிலும் எழுத்திலும் வணிக மாணவர்களின் முன்னேற்றம் குறைவாகவும், கலை, அறிவியல் மாணவர்களின் முன்னேற்றம் கூடுதலாகவும் இருப்பதைச் சொன்னது. நிறைய வாசிக்கவும் நீளமாக எழுதவும் வைக்கும் வகுப்புகளில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள் என்பதும் அதன் முடிவு.

இவற்றைப் புதுச்சேரிக்குக் கொண்டுவரும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, எந்த மாணவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே முடிவைப் பாதிக்கும். பட்டத்தின் விளைவையும் மாணவரின் திறன், குடும்பப் பின்னணி ஆகியவற்றின் விளைவையும் பிரிப்பது கடினம். இரண்டாவது, வேலைச் சந்தை வேறு. 1898இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டது. ஊரின் மற்ற பஞ்சாலைகளும் நலிந்துபோயின. இன்று அரசுப் பணி, சுற்றுலா, விடுதிகள், மருத்துவமனைகள், சில்லறை வணிகம், சென்னையின் அலுவலகங்கள் ஆகியவைதான் பட்டதாரிகளின் முன்னால் இருப்பவை. சுற்றுலாவும் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பும் வளர்ந்துள்ள ஓர் ஊரில் வரலாறும் பிரெஞ்சும் தெரிந்தவருக்கு வேறு ஊர்களில் கிடைக்காத வாய்ப்பு உண்டு. 1889 முதல் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸும் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இங்கேதான் இருக்கின்றன. ஆனால் அந்த வாய்ப்புகளின் எண்ணிக்கை சிறியது. மேலும் பிரெஞ்சை பி.ஏ. மாணவர் மட்டும்தான் கற்க முடியும் என்பதில்லை.

ஏதேனும் ஒரு பட்டம்

இந்த ஊரின் வாழ்க்கைக்கு மிக அருகில் வரும் கோட்பாடு வேறொன்று. 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ், பட்டம் ஒருவருக்குத் திறனைத் தருகிறதோ இல்லையோ, அவரிடம் இருக்கும் திறனை வேலை தருபவருக்கு அறிவிக்கும் அடையாளமாக இயங்குகிறது என்று காட்டினார். 1976இல் ரொனால்ட் டோர், இலங்கையையும் உள்ளடக்கிய ஆய்வில், காலந்தாழ்த்தி வளரும் நாடுகளில் வேலைக்கான தகுதிச் சான்று மேலும் மேலும் உயர்ந்துகொண்டே போவதையும், கல்வி தேர்வுக்கான தயாரிப்பாகச் சுருங்கிவிடுவதையும் விவரித்தார்.

குடிமைப் பணித் தேர்வு, எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வு, வங்கி அதிகாரித் தேர்வு, புதுச்சேரி அரசின் யு.டி.சி. (மேல்நிலை எழுத்தர்) போன்ற பணியிடங்கள், எல்லாவற்றிலும் தகுதி வரி ஒன்றே: ஏதேனும் ஒரு பட்டம். அந்த வரிக்கு முன்னால் பி.ஏ. தமிழும் பி.பி.ஏ.வும் சமம். பிறகு முடிவு செய்வது தேர்வில் வரும் ஆங்கிலம், எண்கணிதம், பொது அறிவு. வரலாறும் அரசியலும் படித்தவருக்குக் குடிமைப் பணியில் சிறு சாதகம்; கணக்கில் பழகியவருக்கு வங்கியில் சிறு சாதகம். ஆசிரியப் பணியில் மட்டும் வேறுபாடு பெரியது: பள்ளிப் பாடத்தோடு ஒட்டாத படிப்பு என்பதால் பி.எட். வழி பி.பி.ஏ. படித்தவருக்குப் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. சட்டப் படிப்பு இருவருக்கும் திறந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கோட்பாட்டை முழுதாக ஏற்றால் மூன்றாண்டு வகுப்பறைக்கே பொருளில்லாமல் போகும். கல்லூரி வெறும் நுழைவுச்சீட்டு என்று நம்பும் மாணவர் அரியர் இல்லாமல் தேறுவதோடு நிறுத்திக்கொள்கிறார். போட்டித் தேர்வுக்கு வேண்டிய வாசிப்பும் மொழியும் பிறகு பயிற்சி மையத்தில் பணம் கொடுத்து வாங்கப்படுகின்றன. ஒரு சமூகம் தன் இளைஞர்களின் மூன்று ஆண்டுகளை இப்படிச் செலவிடுவது வருந்தத்தக்கது.

தொழிற்கல்வி மீதான ஐயம்

தமிழ்ச் சூழலில் இன்னொரு நினைவு இந்த விவாதத்தின் அடியில் ஓடுகிறது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் அதை எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. ஆயினும் அந்தப் போராட்டத்தின் சொற்கள் எல்லையில் நின்றுவிடவில்லை. பிறப்பால் விதிக்கப்பட்ட தொழிலிலிருந்து வெளியேறும் வழியாகப் பொதுக்கல்வியைப் பார்த்த தலைமுறைக்கு, தொழிற்பயிற்சி என்றாலே ஐயம் வந்ததில் நியாயம் இருந்தது.

அதே சமூக நீதிப் பார்வை இன்று எதிர்ப்பக்கத்துக்கும் உதவுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தொடர்புகள் இல்லை. பரந்த கல்வியின் பலன் கனிய எடுக்கும் பத்தாண்டுகளும் இல்லை. அவருக்கு உடனே விற்கக்கூடிய ஒரு திறன் வேண்டும் என்கிறார்கள் தொழில் சார்ந்த படிப்பை ஆதரிப்பவர்கள். பெண்களைப் பொறுத்தவரை கேள்வி மேலும் சிக்கலாகிறது. வீட்டுக்கு அருகே, குறைந்த கட்டணத்தில் இருந்த அரசுக் கலைக் கல்லூரிகள்தாம் பல குடும்பங்களில் முதல் பெண் பட்டதாரியை உருவாக்கின. அந்தப் பட்டத்தைச் சம்பளத்தால் மட்டும் அளந்தால் அது செய்த வேலையின் பாதி கணக்கில் வராது. கலைக் கல்லூரியை எளிதில் குறைத்துப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இரண்டையும் சேர்க்கும் முயற்சிகள்

2011இல் கார்னகி அறக்கட்டளையின் ஆய்வாளர்கள், வணிகப் படிப்புக்குள்ளேயே வரலாறும் தத்துவமும் அறநெறியும் பிணைக்கப்பட வேண்டும் என்று வாதிட்டார்கள். பிரான்ஸ் வேறு வழியில் இதைச் செய்துவருகிறது. அங்கே முன்னணி வணிகப் பள்ளிகளுக்குப் போட்டியிடும் மாணவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் பின் இரண்டாண்டுகள் கணிதம், வரலாறு, இலக்கியம், தத்துவம், மொழிகள் ஆகியவற்றைக் கடுமையாகப் படித்த பிறகே நுழைகிறார்கள். லிசேயில் படித்துப் பிரான்சுக்குப் போகும் புதுச்சேரி மாணவருக்கு அந்தப் பாதை திறந்திருக்கிறது. சில தெருக்கள் தள்ளி அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவர் பதினேழு வயதில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை விட்டுவிட வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் ஃபிளேம், அசோகா, கிரியா போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பரந்த கல்வியை மீட்டிருக்கின்றன. அவற்றின் கட்டணம் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. உதவித்தொகைகள் ஓரளவே ஈடுகட்டுகின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதே எண்ணத்தைப் பொதுக் கல்லூரிகளுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது: நான்காண்டுப் பட்டம், பல துறைப் பாடங்கள், இடையில் வெளியேறும் வசதி. புதுவைப் பல்கலைக்கழகமும் அதன் இணைவுக் கல்லூரிகளும் 2023-24 முதல் இதைப் பின்பற்றத் தொடங்கின. தாளில் பார்த்தால் வரலாறு மாணவர் புள்ளியியலையும், வணிகவியல் மாணவர் இலக்கியத்தையும் எடுக்கலாம். ஆனால் எடுத்து நடத்த ஆசிரியர் வேண்டும், அட்டவணை இடம் தர வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் விருப்பப் பாடம் என்பது நடத்த ஆள் இருக்கும் பாடமாகிவிடும் அபாயம் உண்மையானது. இடையில் வெளியேறும் வசதியும் வறிய மாணவரைப் பாதியில் அனுப்பிவைக்கும் வாசலாகலாம் என்ற விமர்சனம் புறந்தள்ளத்தக்கதல்ல.

தீராமல் இருப்பவை

இதுவரையிலான சான்றுகளிலிருந்து எச்சரிக்கையோடு சில முடிவுகளுக்கு வரலாம். இங்குள்ள கல்லூரிகளில் பட்டத்தின் பெயரைவிட, அந்தப் படிப்பு மாணவரை எவ்வளவு வாசிக்க, எழுத, கணக்கிட வைக்கிறது என்பது கூடுதல் எடை பெறுவதாகத் தோன்றுகிறது. புள்ளியியலோடு கூடிய பொருளியல், கணக்கில் வலுவான பி.காம்., மொழித் தேர்ச்சியோடு கூடிய வரலாறு ஆகியவை பலவீனமான ஒரு பி.பி.ஏ.வைவிட அதிக வழிகளைத் திறந்துவைக்கின்றன. நல்ல பயிற்சி தரும் பி.பி.ஏ., வெறும் குறிப்பேட்டில் நடக்கும் பி.ஏ.வைவிட மேல். குடும்பத்தால் எத்தனை ஆண்டு காத்திருக்க முடியும் என்பது இந்தத் தேர்வின் நேர்மையான ஒரு பகுதி. அதைப் பேச மாணவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

தீராதது அளவீடு. நம் தொழிலாளர் கணக்கெடுப்பின் அட்டவணைகளில் பி.ஏ.வும் பி.காமும் பி.பி.ஏ.வும் பட்டதாரி என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. எழுத்தர் வேலைகளையும் தொடக்கநிலை அலுவலக வேலைகளையும் செயற்கை நுண்ணறிவு எப்படி மாற்றும் என்பதும் இரு தரப்புக்குமே திறந்த கேள்வி. கணக்குப் பதிவை அது பாதிக்கும் என்போரும் மொழிபெயர்ப்பை, எழுத்தைப் பாதிக்கும் என்போரும் இருக்கிறார்கள்.

2023இல் நான்காண்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மூன்றாம் ஆண்டு 2026இல் முடிகிறது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான்காம் ஆண்டு 2027இல். யார் மூன்றாண்டோடு நின்றார்கள், யார் தொடர்ந்தார்கள், எந்தத் துறையிலிருந்து, எத்தகைய குடும்பத்திலிருந்து, ஐந்தாண்டு கழித்து என்ன செய்கிறார்கள் என்பதைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் பெயர் வெளியிடாமல் பதிந்துவைத்தால், நான்கு பிராந்தியங்களையும் சில பத்துக் கல்லூரிகளையும் மட்டுமே கொண்ட இந்தச் சிறு ஒன்றியப் பகுதியில் அது செய்ய முடியாத வேலை அல்ல. வணிக மாணவருக்கு இலக்கியமும் வரலாறு மாணவருக்குக் கணக்கும் உண்மையில் பயன்பட்டனவா என்பதை அப்போதுதான் வெளிநாட்டு எண்களைக் கடன் வாங்காமல் பேச முடியும்.